மூன்று மடங்கு தண்ணீர்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பதினேழு நிமிடம். கடைசி மழை பெய்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. காற்று அசையவில்லை. பள்ளத்துப் பக்கம் பனி கலையவில்லை, வெயில் எங்கள் மதிலின் மேல் விளிம்பை மட்டும் தொட்டிருந்தது. அப்போதுதான் வெள்ளை வான் ஒன்று பக்கத்துப் பழைய பெற்றோல் ஷெட்டுக்குள் நுழைந்து நின்றது. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் இறங்கினார்கள். ஐந்து பெட்டிகளை இறக்கினார்கள்.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையிலிருந்து அலவத்துகொட போகும் வீதியில் இருக்கிறது. ஷெட், மதிலுக்கு அந்தப் பக்கம், எங்களைவிடத் தாழ்வான நிலத்தில். அதற்கும் கீழே, பள்ளத்தில், ஓயா என்று நாங்கள் சொல்லும் சிற்றாறு. அதன் முதலாளி இறந்த பிறகு பிள்ளைகளுக்கு நடத்த மனமில்லாமல் நான்கு வருடம் பூட்டிக் கிடந்தது. முந்திய வருடம் பம்புகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு நிலத்தைத் தோண்டி, புதைத்து வைத்திருந்த மூன்று தாங்கிகளையும் வெளியே எடுத்தார்கள். அவற்றை லொறியில் ஏற்றும்போது நான் மதிலோரம் நின்றிருந்தேன். இரண்டு நன்றாகத்தான் இருந்தன. மூன்றாவதன் அடிவயிறு துருவேறி ஏழு ஓட்டை விழுந்திருந்தது. பெரியது பத்து ரூபாய்க் குற்றி அளவு.

அந்த ஏழையும் எண்ணிய நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாங்கி கிடந்த குழியிலிருந்து எங்கள் கிணற்றுக்கு ஐம்பத்திரண்டு அடி. நாடா பிடித்து அளந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. முப்பத்தொரு வருடம் நான் அளவை நிறுவைப் பரிசோதகராக வேலை பார்த்தவன். கடைத் தராசுகளோடு பெற்றோல் பம்புகளையும் சோதித்து முத்திரை வைப்பது என் வேலை. இந்த ஷெட்டின் பம்புகளுக்கும் நானே முத்திரை வைத்திருக்கிறேன். அளவுப் பாத்திரத்தில் பெற்றோலை நிரப்பி, கழுத்துக் கோட்டைப் பார்த்து, மறுபடி தாங்கிக்குள் ஊற்றிவிட்டு, சரி என்று எழுதுவேன். ஒருமுறை முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, பவுசர் லொறியில் வருவதற்கும் பம்பில் விற்பதற்கும் கணக்கு இடிக்கிறது, உங்கள் பாத்திரம் பிழையா என்று கேட்டார். என் பாத்திரத்தைப் பிழை என்று சொல்லிவிட்டாரே என்று கோபம் வந்தது. இரண்டாம் தடவையும் அளந்து காட்டினேன். பம்பில் ஒரு துளி பிசகில்லை. வெயிலுக்கு ஆவியாகியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். குழாய் வாயால் வெளியே வருவதை அளப்பது மட்டும்தான் என் வேலையாக இருந்தது.

வானில் வந்தவர்கள் கொழும்பிலுள்ள ஒரு கொம்பனியின் ஆட்கள். ஷெட் நிலத்தை வாங்கப் போகிறவர்கள், மண்ணையும் நிலத்தடித் தண்ணீரையும் ஒரு வருடம் சோதித்துக் காட்டச் சொல்லியிருந்தார்களாம். இரண்டு பேர் குழாய் தூக்குகிறவர்கள். பொறுப்பாக வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், யாழ்ப்பாணத்துக்காரர். தலையில் அகன்ற தொப்பி, காலில் றப்பர் சப்பாத்து. ஷெட் நிலத்தில் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிய நான்கு குழாய்க்கிணறுகளை அவர்கள் ஏற்கெனவே இறக்கியிருந்தார்கள். நான்காவது எங்கள் மதிலோரம். ஐந்தாவது இடமாக எங்கள் கிணற்றையும் சேர்க்கலாமா என்று கேட்டு அவர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"சேருங்க மிஸ்," என்றேன். "சேர்க்காட்டி நானே வந்து கேட்டிருப்பேன்."

"கேட்டிருப்பாரு இல்ல, மதில் ஏறிக் குதிச்சிருப்பாரு," என்றாள் என் மனைவி, உள்ளே இருந்து. "ஒரு வருசமா தூக்கமில்ல. கட்டில்ல படுத்தா ஃபேன் சுத்துறதையும் எண்ணுறாரு."

அன்று முழுவதும் நான் மிஸ்ஸின் பின்னாலேயே நடந்தேன். குழாய்க்குள் ஒரு நாடாவை இறக்கினார். நுனி தண்ணீரைத் தொட்டதும் அது கீச்சென்றது. ஆழத்தைச் சொல்லியபடியே எழுதினார், நானும் எழுதினேன். பிறகு சின்ன மோட்டார் ஒன்றை இறக்கித் தண்ணீரை வாளியில் எடுத்து, ஒரு தகரப் பீப்பாயில் ஊற்றினார். நிறைய எடுத்தார். மாதிரிக்குத் தேவை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிதானே, ஏன் இவ்வளவு என்று கேட்டேன்.

"குழாய்க்குள்ளை நிண்ட பழைய தண்ணி அது, ஐயா. அதைச் சோதிச்சா நிலத்துக்குள்ளை என்ன இருக்கெண்டு தெரியாது. குழாய் எவ்வளவு கொள்ளுமோ அதைப்போல மூண்டு மடங்கை வெளியாலை எடுத்திட்டுத்தான் மாதிரி எடுக்கிறது."

மூன்று மடங்கு. எனக்கு அந்த முறை மிகவும் பிடித்துப்போனது. ஓர் ஒழுங்கு இருந்தது அதில். குப்பியை நிரப்பும்போது உள்ளே ஒரு குமிழிகூட நிற்காமல் மூடினார். தலைகீழாகப் பிடித்து என்னிடம் காட்டினார். வேலை தெரிந்தவர் என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

கடைசியாக எங்கள் கிணற்றுக்கு வந்தார். கழுவிய பாத்திரத்தைக் கயிற்றில் இறக்கி, ஒரே இழுப்பில் அள்ளி, குப்பியை நிரப்பி, ஐஸ் போட்ட வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துவிட்டார். மூன்று மடங்கு எடுக்கவில்லை. ஒரு மடங்குகூட எடுக்கவில்லை. நேரமில்லை போலும், கிணறும் பெரியது, அதனால் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். ஆனால் வேலை தெரிந்த ஒருவரின் குறையை அவர் முகத்துக்கு நேரே சொல்ல விரும்பவில்லை. குறையை நானே நிவர்த்தி செய்யலாம் என்று முடிவெடுத்தேன்.

கிணற்றின் விட்டம் ஐந்து அடி. தண்ணீர் ஒன்பது அடி நிற்கிறது. கணக்குப் பார்த்தால் ஐயாயிரம் லீற்றர். மூன்று மடங்கு பதினையாயிரம். என் மோட்டார் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து லீற்றர் இழுக்கும். ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டும். எங்கள் கிணற்றில் நல்ல ஊற்று, இறைக்க இறைக்க வந்துகொண்டே இருக்கும். அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டு, குழாயைத் தண்ணீர் வடியும் பின்பக்கக் கானுக்குள் விட்டேன்.

இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கிணற்றுக்குள் எலி விழுந்தாலும் பூனை விழுந்தாலும் செய்வது இதுதான். அடிவரை இறைத்து, புது ஊற்று வந்தால் கிணறு சுத்தம். அதைத்தான் அந்த மிஸ்ஸும் படித்த முறையில் செய்கிறார் என்று எனக்குப்பட்டது. மாதத்தின் முதல் செவ்வாயில் அவர்கள் வருவார்கள். நான் மாதத்துக்கு ஒருமுறை என்று நிறுத்தாமல் ஒவ்வொரு திங்களும் இறைத்தேன்.

இப்போது எங்கள் பின்வீட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் பின்கதவிலிருந்து அறுபத்துமூன்று அடி எடுத்து வைத்தால் அந்த வீட்டு வாசல். அங்கே ஒரு முஸ்லிம் பெண் தன் உம்மாவோடு இருக்கிறாள். கணவர் மௌத்தாகி ஒன்பது வருடம். வீதியோரத்துச் சாப்பாட்டுக் கடைகள் இரண்டுக்கு அவள் தினம் நானூறு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறாள். அவளுடைய நிலம் பாறை, கிணறு இல்லை. நகரக் குழாய்த் தண்ணீர் பெருவீதியோடு நின்றுவிடுகிறது. எங்கள் கிணற்றிலிருந்து ஒரு குழாயை நான்தான் அவள் வீட்டுக்கு விட்டுக் கொடுத்தேன். அவளுடைய பிழைப்பு முழுவதும் அந்தக் குழாய்க்குள் ஓடியது.

"சேர்ட கிணத்துத் தண்ணியில பெசஞ்சாத்தான் மா மிருதுவா ஈக்கிற," என்பாள் என் மனைவியிடம்; சேர் என்பது நான். "டவுன் தண்ணியில ஒரு மருந்து வாசம். கடக்காரன் உடனே கண்டுபிடிச்சுடுவான்."

பெப்ரவரி மாதிரியின் முடிவு இரண்டு வாரத்தில் என் கைத்தொலைபேசிக்கு வந்தது. பென்சீன்: கண்டறியப்படவில்லை. பெற்றோலில் இருக்கிற நஞ்சு அது. மார்ச்சிலும் அப்படியே. இரண்டையும் கொப்பியில் எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். இறைப்பதன் பலன் என்றே எண்ணினேன்.

ஏப்ரல் மாதிரியின் முடிவு 18ஆம் திகதி வியாழக்கிழமை காலை வந்தது. பென்சீன், லீற்றருக்கு 2 மைக்ரோகிராம். பத்துவரை குடிநீரில் அனுமதி உண்டு. அப்படியானால் இரண்டு ஒன்றுமில்லை. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடந்தேன். இல்லாதிருந்த இடத்தில் இரண்டு வந்திருக்கிறது என்பதுதான் என்னைக் கடித்தது. இல்லாததிலிருந்து இரண்டுக்கு வந்த ஒன்று, இரண்டிலிருந்து எதற்கும் போகும்.

அன்று காலை பத்து மணிக்கு மோட்டாரைப் போட்டேன். திங்களோடு வியாழனையும் சேர்த்துக்கொண்டேன். எலி பெரிது, இன்னும் இறைக்க வேண்டும் என்பதுபோல.

அன்று இன்னொன்றும் செய்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு நகரத் தண்ணீர் இணைப்பு உண்டு. வரட்சிக் காலத்துக்கென்று எடுத்தது. சமையலறைக் குழாயின் வால்வைக் கிணற்றிலிருந்து அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். பின்வீட்டுக் குழாயைத் தொடவில்லை. தொட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் மறுநாள் அவளிடம் இடியப்பம் வாங்க யாரும் வரமாட்டார்கள். பத்துக்குக் கீழே இருக்கிறது, அடுத்த மாதம் இறங்கிவிடும், இறங்கியதும் பேச்சே தேவையில்லை. இப்படி மூன்று வாசகம் செய்து வைத்திருந்தேன். மூன்றும் தனித்தனியாகச் சரியானவை.

மூன்றாம் நாள் மனைவி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"என்னங்க, இது கெணத்துத் தண்ணி இல்லையே."

"டவுன் தண்ணி. மோட்டாருக்கு ஓய்வு குடுக்கலாம்னு."

"வாரத்துக்கு ரெண்டு நாள் அஞ்சர மணி நேரம் ஓட விடுறீங்க. இப்ப ஓய்வா?" என்றவள் அலுமாரியைத் திறந்து என் கொப்பியை எடுத்தாள். ஏப்ரல் பக்கத்தைப் பார்த்தாள். கொப்பியை மேசையில் விரித்து வைத்தாள். பிறகு, "அந்தப் புள்ளைக்குச் சொல்லிருங்க," என்றாள்.

"ரெண்டுதான். பத்து வரைக்கும்..."

"ரெண்டுதான்னா நம்ம வீட்டுக் கொழாய எதுக்குத் திருப்புனீங்க?"

அன்று பின்கதவால் புறப்பட்டு முப்பது அடிவரை போய்த் திரும்பினேன். மே மாதத்துக்குள் இப்படி நான்கு தடவை. ஒரு தடவை நாற்பத்தெட்டு அடிவரை போனேன். அவள் வாசலில் நின்று மாவை வறுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வாங்க சேர், இன்னக்கி எத்தின மாங்கா விழுந்த?" என்று சிரித்தாள். அவர்கள் வீட்டு மாமரத்தின் காய்களையும் நான் எண்ணுவது அவளுக்குத் தெரியும். பதினொன்று என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மே 7ஆம் திகதி மிஸ் வந்தபோது முகம் குழம்பியிருந்தது. மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்த மாதம் அது. நான்காம் குழாய்க்கிணற்றில் நாடாவை இரண்டு தரம் இறக்கினார்.

"விளங்கேல்லை ஐயா. மற்ற மூண்டிலையும் மழைக்குத் தண்ணி மட்டம் ஏறியிருக்கு. இதிலை மட்டும் இறங்கியிருக்கு. நிலம் சரியிறது ஓயாப் பக்கம். தண்ணியும் அந்தப் பக்கம்தான் போகவேணும். உங்கடை வீடு மேட்டிலை. மேட்டை நோக்கித் தண்ணி ஏன் வரப்போகுது?"

"நாடா பிழையோ?" என்றேன்.

சொன்ன பிறகுதான், இதே கேள்வியை முதலாளி என்னிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. மிஸ் கோபப்படவில்லை. பெட்டியிலிருந்து வேறொரு நாடாவை எடுத்து மூன்றாம் தரம் அளந்து காட்டினார். அதே இலக்கம். நான் என் கொப்பியில் அதை எழுதினேன். முந்திய நாள் ஐந்தரை மணி நேரம் இறைத்ததும் அதே பக்கத்தில், நான்கு வரி மேலே, என் கையெழுத்தில் இருந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முப்பத்தொரு வருடம் இலக்கம் எழுதியவன் நான்.

மே மாத முடிவு: 5.

ஜூன் மாதம் அவர்கள் செவ்வாய்க்கிழமை வர வேண்டியவர்கள். வான் வேறிடத்துக்குத் தேவைப்பட்டதால் ஒருநாள் முந்தி, 3ஆம் திகதி திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு வந்தார்கள். ஆறு மணி ஐந்து நிமிடத்திலிருந்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் கிணற்றுக்கட்டில் கதிரை போட்டு மணிக்கூடு பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார்ச் சத்தத்தில் வான் வந்தது கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மிஸ் கானருகே நின்று, குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என்ன செய்யிறியள்?"

"மூணு மடங்கு எடுக்கிறேன் மிஸ். நீங்க எங்க கெணத்துல அத விட்டுட்டீங்க. பரவாயில்ல, அத நானே பாத்துக்கிறேன்."

அவர் நடந்து வந்து சுவிட்சை அணைத்தார். மோட்டார் அடங்கியதும் எங்கோ ஒரு காகம் கத்துவது கேட்டது.

"எத்தினை தரம் இறைச்சனீங்கள்?"

கொப்பியைக் கொடுத்தேன். பெப்ரவரி 12 முதல் ஒவ்வொரு திகதியும் இருந்தது. முழுதாக இருபத்துமூன்று, இன்றையது பாதியில். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு கிணற்றுக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்துமூண்டு தரம் பதினையாயிரம். மூண்டு லட்சத்து..."

"நாப்பத்தையாயிரம் லீற்றர்," என்றேன்.

"ஓம், அந்தக் கணக்கிலை நீங்கள் பிழைவிடமாட்டியள்." கோபமா சிரிப்பா என்று தெரியாத குரல். "ஒவ்வொரு நாளும் அள்ளுற கிணறு ஐயா இது. இதுக்குள்ளை பழைய தண்ணியே இல்லை. அதுதான் நான் இறைக்கேல்லை. கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

"எறச்சா சுத்தமாகும்னு..."

"எலி செத்துக் கிடந்தா ஆகும். எலி நிலத்துக்குள்ளாலை நடந்து வராது. பெற்றோல் வரும். இஞ்சாலை நீங்கள் இறைக்க இறைக்க, அங்காலை ஷெட்டுக்குக் கீழை கிடந்த தண்ணி இந்தப் பக்கம் இழுபடும். அதுதான் நாலாம் கிணத்திலை மட்டம் இறங்கினது. நான் ஒரு மாசமா மண்டையைப் போட்டு உடைக்கிறன்." கொப்பியைத் திருப்பித் தந்தார். "அது தன்ரபாட்டிலை ஓயாப் பக்கம் போய்க்கொண்டிருந்தது ஐயா. நீங்கள் கூப்பிட்டிருக்கிறியள்."

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் பின்கதவில் நின்று கேட்டிருந்தாள். மிஸ் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இந்தக் கிணற்றில் யார் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று கேட்டார். மனைவி பின்வீட்டைக் காட்டினாள்.

"குடிக்கவுமோ?"

"குடிக்கவும், சமைக்கவும். இடியப்பத் தொழில் செய்யுற புள்ள."

"இண்டைக்கே நிப்பாட்டச் சொல்லுங்கோ. இதுவரை வந்த இலக்கங்கள் எல்லைக்குள்ளைதான். இண்டையது எவ்வளவு வருமெண்டு தெரியாது. இனிக் குறைஞ்சது ஒரு வருசம் இந்தக் கிணத்திலை ஒருத்தரும் ஒரு வாளிகூட அள்ளக்கூடாது. விட்டிட்டா அது தன்ரபாட்டிலை திரும்பிப் போகும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நான் வந்து சொல்லட்டோ ஐயா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அறுபத்துமூன்று அடியையும் நடந்தேன். எண்ணாமல் நடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அவள் மறுநாளைக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உம்மா கட்டிலில் சாய்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். ஏழு ஓட்டைகள், இரண்டு, ஐந்து, இருபத்துமூன்று தடவை, எல்லாவற்றையும். அவள் அரிதட்டைக் கீழே வைத்தாள்.

"எத்தின நாளா சேருக்குத் தெரியும்?"

"ஏப்ரல் பதினெட்டுல இருந்து. நாப்பத்தாறு நாள்."

"நாப்பத்தாறு நாள்." தட்டில் கிடந்த மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாள எண்ணீக்கிறீங்க. என்ட இடியப்பத்த எண்ணினீங்களா, சேர்?"

பதினெட்டாயிரத்து நானூறு என்று மனம் அந்த விநாடியே சொன்னது. வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பாத்தீங்களா, எண்ணிட்டீங்க," என்றாள். "உம்மா தினம் மூணு கோப்ப குடிக்கிறா. அதயும் சேத்துக்கோங்க. நீங்க எந்தத் தண்ணி குடிச்ச?"

டவுன் தண்ணீர் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் பொய் வரவில்லை.

அவள் எழுந்து, அரித்த மா, அரிக்காத மா எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் கொட்டி மூடினாள். மாவில் தண்ணீரே படவில்லை, அதை எறியத் தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உம்மா கட்டிலிலிருந்து கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "போங்க மகன்," என்றார். "இப்ப அவளோட கதைக்க வாணாம்." என்னைவிட ஒன்பது வயது கூடியவர் அவர். எழுபத்துநான்கு வயதில் மகன் என்று கூப்பிடப்பட்டு அந்த வீட்டை விட்டு வெளியே வந்தேன்.

மூன்று நாள் அந்த வீட்டு அடுப்பு எரியவில்லை. கடைக்காரர்களிடம் அவளே போய்க் காரணம் சொன்னாள். ஒளிக்கவில்லை. ஒரு கடைக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். மற்றவர், தண்ணீரை மாற்றிவிட்டு வா என்றாராம். நான்காம் நாள் காலையிலிருந்து தினம் இரண்டு பெரிய போத்தல் தண்ணீர் கடையிலிருந்து எடுத்து அவள் வாசலில் இறக்க வைத்தேன். முதல் நாள் அவள் அதைத் தொடவில்லை. என் மனைவி போய் ஒரு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.

"ஒங்களத் திட்டினோம். ரெண்டு பேரும் சேந்து. அதுக்கப்புறம் தண்ணிய உள்ள எடுத்து வச்சா."

நகரத் தண்ணீரை வீதியிலிருந்து அவள் வீட்டுவரை கொண்டுபோக விண்ணப்பம் எழுதினேன். நீர் வழங்கல் கந்தோருக்கு ஒன்பது தடவை போனேன். வீதியை வெட்ட ஓர் அனுமதி, வெட்டிய இடத்தை மூட ஓர் உறுதிமொழி. கந்தோர்க்காரர் ஒருவர், இது யாருடைய வீட்டுக்கு என்று கேட்டார். பின்வீட்டுக்கு என்றேன். அப்படியானால் நீங்கள் ஏன் காசு கட்டுகிறீர்கள் என்றார். "அளவு பிழைச்சுப் போச்சு," என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 25ஆம் திகதி அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. திறந்துவிட்டு ஒரு கை ஏந்தி முகர்ந்து பார்த்தாள். மருந்து வாசம் என்று முகத்தைச் சுளித்தாள். ஒரு தாங்கியில் இரவு முழுவதும் வைத்திருந்தால் வாசம் போய்விடும் என்றேன். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த தாங்கியைக் காட்டினேன்.

"மாசம் மாசம் பில் வரும். அத நான்தான் கட்டுற. சேர் அதுல கை வைக்க வாணாம்," என்றாள். அடுப்பெரியாத மூன்று நாளுக்கு நான் கொண்டுபோன பணத்தையும் அவள் வாங்கவில்லை. "அது நான் சும்மா இருந்த நாள். அதயும் ஒங்கட கொப்பியில போடாதீங்க." அதனால் அது இந்தக் கணக்கில் இல்லை.

ஜூன் 3ஆம் திகதி எடுத்த மாதிரியின் முடிவு 11. எல்லையை ஒன்றால் தாண்டியிருந்தது. வான் வழக்கம்போல் செவ்வாய்க்கிழமை வந்திருந்தால், அன்று நான் இன்னும் இரண்டு மணி நேரம் இறைத்து முடித்திருப்பேன். அவள் மறுநாளும் நானூறு அவித்திருப்பாள். அந்த இரண்டு மணி நேரத்தை இப்போதும் மனம் சுற்றிச் சுற்றி வருகிறது. ஜூலையில் 9, ஓகஸ்டில் 6. மிஸ் சொன்னதுபோல, விட்டதும் அது தன்பாட்டில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கிணற்றின் மேல் பலகை அடித்துப் பூட்டுப் போட்டிருக்கிறேன். மோட்டாரைக் கழற்றித் துணி சுற்றி வைத்தாயிற்று. திங்கட்கிழமைகளில் ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கை சும்மா இருக்க மறுக்கிறது.

"எங்கட கொம்பனியிலை வேலை தரட்டோ ஐயா? உங்களைப்போல எழுதுறவை எங்களிட்டை இல்லை," என்று போன தடவை மிஸ் கேட்டார். "ஒரே ஒரு நிபந்தனை. சுவிட்சிலை கை வைக்கக்கூடாது."

காலையில் எங்களுக்கு இடியப்பம் இப்போதும் அங்கிருந்துதான் வருகிறது. முன்பு பெட்டியில் பத்து இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வைப்பாள். இப்போது சரியாகப் பத்து. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இணைப்பும் வீதி வெட்டியதும் குழாயும் தாங்கியும் சேர்ந்து தொண்ணூற்றாறாயிரத்து நாற்பது ரூபாய். பத்தொன்பது நாள் போத்தல் தண்ணீருக்குப் பதினேழாயிரத்து நூறு. இவ்வளவுதான் என்று மனைவி கொப்பியை மூடப் பார்த்தாள். இல்லை, இன்னும் ஒன்று இருக்கிறது என்று கடைசி வரியையும் எழுதினேன்: பெப்ரவரியிலிருந்து ஜூன்வரை மோட்டார் ஓடிய மின்சாரம், நாலாயிரத்து இருநூற்று முப்பத்தைந்து. ஓயாப் பக்கம் போய்க்கொண்டிருந்ததை மதில் தாண்டி என் கிணற்றுக்கு அழைத்துவர நான் கட்டிய கூலி அது. எல்லாம் சேர்த்து, ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய்.